அறுபத்தொன்றாம் எண் வீட்டில் யாரும் இல்லை

எங்கள் நகரத்துக் குடிநீர் அலுவலகம் மிகவும் பொறுப்பான அலுவலகம். தண்ணீர் தருவதைத் தவிர மற்ற எல்லா வேலைகளையும் அது உரிய நேரத்தில் செய்து முடித்துவிடும்.

பழைய காலத்தில், அதாவது போன வருடம் வரைக்கும், ஒரு வால்வுக்காரர் சைக்கிளில் வருவார். நீளமான சாவி ஒன்றைத் தெருமுனைப் பள்ளத்துக்குள் விட்டுத் திருகுவார். தண்ணீர் வரும். ஒரு மனிதர் திருகி இன்னொரு மனிதருக்குத் தண்ணீர் வருவது காலத்துக்கு ஏற்றதாக இல்லை என்று மேலிடம் கருதியது. அதனால் ஒவ்வொரு வீட்டுக் குழாயிலும் ஒரு பெட்டியை மாட்டினார்கள். அந்தப் பெட்டியைக் கம்ப்யூட்டர் திறக்கும், கம்ப்யூட்டரே மூடும். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேருக்குத் தண்ணீர். வால்வுக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த அலுவலகம் வருடத்துக்கு ஒரு கொள்கை வாசகத்தை எடுத்துக்கொள்ளும். அந்த வருட வாசகம் ‘மக்களுக்கே முதலிடம்’. வாசல் வளைவில் அதை எழுதினார்கள். தேநீர்க் கோப்பையில் எழுதினார்கள். ஊழியர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பட்டையிலும் எழுதினார்கள். எழுத இடமில்லாமல் போன பிறகுதான் அமல்படுத்த ஆரம்பித்தார்கள்.

எங்கள் வீடு அந்தத் தெருவில் அறுபத்தொன்றாம் எண். நான், என் வீட்டுக்காரர், மகன், என் கொழுந்தன் என்று நாலு பேர். யார் யார் வீட்டில் எத்தனை பேர் என்று போனில் பதிய வேண்டும் என்றார்கள். போனில் நம் வீட்டு ஆட்களை எண்ணிச் சொன்னால் எவன் பார்ப்பானோ என்று எனக்குப் பயம். அதனால் தெருவிலேயே கடைசியாகப் பதிந்தது நாங்கள்தான். கொழுந்தன்தான் பதிந்தான். அவனுக்கு வேலை கிடையாது, ஆனால் முன்னேற்றத்தில் நம்பிக்கை உண்டு.

“பாருங்க அண்ணி, ‘வெற்றிகரமாகப் பதிவு செய்யப்பட்டது’ன்னு பச்சையா வந்துடுச்சு.”

குழாயைத் திறந்தேன். நெஞ்சுச் சளிக்காரர் இருமுவது போல ஒரு சத்தம் வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

“தண்ணி வரலையே தம்பி?”

“பச்சையா வந்துடுச்சு அண்ணி. இனிமே தண்ணியோட வேலைதான் பாக்கி.”

வேறு சமயமாக இருந்தால் நானும் பொறுத்திருப்பேன். என் மகள் வெளியூரில் பிள்ளை பெற்று, கைக்குழந்தையோடு எங்கள் வீட்டில் வந்து இருக்கப்போவதாகச் சொல்லியிருந்தாள். பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில் துணி அலசியே குடம் குடமாகத் தண்ணீர் போகும். அவள் வருவதற்குள் குழாயில் தண்ணீர் வந்தாக வேண்டும். அந்தக் கவலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் சாப்பிடாததால் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் மிச்சம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவர் நல்லவிதமாகத்தான் சொன்னார்.

வாளியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். நாலாம் எண் வீட்டு வாசலில் ஆறு ஓடியது. மாடித் தொட்டி நிரம்பி வழிந்து, படியில் இறங்கி, செருப்பையெல்லாம் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துகொண்டிருந்தது. அந்த வீட்டு அக்கா துடைப்பத்தோடு நடுவில் நின்றாள்.

“என்னக்கா இது?”

“எனக்கென்னம்மா தெரியும்? வீட்ல நாங்க ரெண்டே பேரு. ஒரு ஊருக்குக் குளிக்கக் கொடுக்கலாம், அவ்வளவு வருது. நிறுத்தத் தெரியல. அவரு கட்டில் மேல உக்காந்துக்கிட்டு இறங்க மாட்டேங்குறாரு.”

தெருவே வாளியோடு அங்கே நின்றது. எனக்கோ முழங்கால் வலி. அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு வாளியோடு நடந்தால், வந்து சேரும்போது தண்ணீர் பாதி, உயிர் பாதி. மறுநாள் காலையில் அலுவலகத்துக்குப் போனேன்.

கீழ்த்தளம் பெரிய கூடம். அதில் ஒரு நாற்காலி கூட இல்லை. எல்லாரும் வட்டமாக நின்றுகொண்டு சுவரில் கலர் கலராகத் துண்டுக் காகிதங்களை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். போனில் வருகிற திரையைச் செய்தவர் யார் என்று கேட்டேன். ஒரு திரைக்காரரைக் காட்டினார்கள்.

“கொஞ்சம் உக்காரலாமாங்க? முழங்கால் வலி.”

“இங்க யாரும் உக்கார மாட்டோம்மா. நின்னுக்கிட்டுப் பேசினா கூட்டம் சீக்கிரம் முடிஞ்சிடும்னு கண்டுபிடிச்சிருக்காங்க.”

“எப்ப ஆரம்பிச்சீங்க?”

“நேத்து.”

என் குறையைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல விளக்கினார்.

“நீங்க திரையில எழுதுறதை நாங்க மாடிக்கு அனுப்புவோம். எல்லா விவரமும் இருக்கிற கிடங்கு மாடியில இருக்கு. அங்க ஒரு ப்ரொசீஜர் இருக்கு. ஒரு சமையல்காரர்னு வெச்சுக்குங்க. பேரைச் சொல்லிக் கூப்பிட்டு ரெண்டு எண்ணைக் கையில கொடுத்தா, மிச்சத்தை அதுவே பாத்துக்கும். கூப்பிடுறது எங்க வேலை. செய்யுறது அதோட வேலை.”

“ஒழுங்காக் கூப்பிட்டீங்களா?”

“கூப்பிட்டோமே. ‘சரி’ன்னு சொல்லிச்சே. அதைத்தான் நாங்க பச்சையில காட்டுறோம்.”

“எதைச் சரின்னு சொல்லிச்சு?”

“அதை நாங்க கேக்கக்கூடாதும்மா. அது மாடி விஷயம்.”

பாதுகாப்புக் கருதி அங்கே ஒரு விதி இருந்தது. கீழே இருப்பவர்கள் ப்ரொசீஜருக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. மாடியில் இருப்பவர்கள் திரையை எட்டிப் பார்க்கக் கூடாது. இரண்டு பேரும் பார்க்காத இடத்தில் எந்தத் தப்பும் நடக்காது என்பது ஏற்பாடு.

“வேணும்னா உங்க கண் முன்னாடியே சோதிச்சுக் காட்டுறேன்,” என்று அவர் ஏதோ தட்டினார். “இதோ பாருங்க. அஞ்சாம் எண் வீடு, அஞ்சு பேர். தண்ணி போகுது பாருங்க. தினமும் காலையில முதல் வேலையா இதைத்தான் போட்டுப் பாப்போம். ஒரு நாள் கூடத் தப்பினதில்ல.”

“அது யார் வீடு?”

“எங்க ஆபீஸ் பெரியவர் வீடு.”

மாடிக்கு ஏறினேன். அங்கே குளிர் எலும்பைக் கடித்தது. கம்ப்யூட்டருக்குப் புழுக்கம் ஆகாதாம். சால்வை போர்த்திய அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்பதாலேயே அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

“தப்புன்னு எழுத்து ஏதாவது வந்துச்சா?” என்று கேட்டார்.

“எழுத்தெல்லாம் இல்லைங்க. தண்ணிதான் வரல.”

“தண்ணி வராதது எரர் கிடையாதும்மா. எரர்னு வந்தாத்தான் எரர்.” அவர் எதையோ தேடிப் பார்த்தார். “அறுபத்தொண்ணாம் எண் வீட்டில யாருமே இல்லையே?”

“நான் இருக்கேனே!”

“நீங்க இங்கதானே இருக்கீங்க?”

உண்மையில் அப்போது நான் அங்கேதான் இருந்தேன்.

“உங்க தெருவில நாலாம் எண் வீட்டிலதான் நெரிசல். அறுபத்தொரு பேர் இருக்காங்க.”

“அங்க புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேருங்க.”

“ரெண்டு பேருன்னு உங்ககிட்டச் சொல்லியிருப்பாங்க. அறுபத்தொரு பேரை வெச்சிருக்கிறவங்க வெளியில சொல்வாங்களா?”

பிறகு அவரும் ஒரு சோதனை செய்து காட்டினார். ப்ரொசீஜரைத் தன் கையாலேயே கூப்பிட்டு, அஞ்சு, அஞ்சு என்று கொடுத்தார். பெரியவர் வீட்டில் தண்ணீர் கொட்டியது. “எங்க பக்கம் சரியா இருக்கு. கீழதான் ஏதோ கோளாறு,” என்றார். கீழே வந்து சொன்னேன். “எங்க பக்கம் சரியா இருக்கு. மாடியிலதான்,” என்றார் திரைக்காரர்.

என் புகாருக்கு டிக்கெட் என்று ஒரு சீட்டுப் போட்டார்கள். மாடி அதைக் கீழே அனுப்பியது. ‘இங்கே வேலை செய்கிறது’ என்று எழுதிக் கீழே இருந்து மாடிக்குப் போனது. ‘இங்கேயும்’ என்று எழுதி மறுபடி கீழே வந்தது. அந்தக் கட்டிடத்தில் என்னைவிட அதிகமாகப் படி ஏறி இறங்கியது அந்தப் புகார்தான். அதற்கு முழங்கால் கிடையாது.

மகள் போன் செய்தாள்.

“அம்மா, டிக்கெட் போட்டுட்டேன்.”

“இங்கயும் போட்டிருக்காங்கடி.”

“தண்ணி வருதா?”

“நல்லா வருது. நிக்காம வருது.”

“அப்பாடா.”

“நாலாம் எண் வீட்ல.”

அவள் அழ ஆரம்பித்தாள். குழந்தையும் அழுதது. எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியவில்லை. நேராக அலுவலகத்துக்குப் போய், மாடிப்படி திரும்புகிற இடத்தில், மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் நடுவில் உட்கார்ந்துவிட்டேன். நின்று பேசுகிற கூட்டத்துக்கும் கேட்க வேண்டும், சால்வைக்கும் கேட்க வேண்டும் என்று ஒரே குரலில் ஒப்பாரி மாதிரி ஆரம்பித்தேன்.

சால்வை அம்மாவுக்குச் சத்தம் ஆகாது. “உள்ள என்னதான் வருதுன்னு ப்ரொசீஜரையே ஒரு தடவை எழுதிக் காட்டச் சொல்லிடலாம்,” என்று ஏதோ ஒன்றை முடுக்கிவிட்டார். என் கொழுந்தனைப் போனில் மறுபடி பதியச் சொன்னார்கள். சால்வை அம்மா தன் கைக் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே படியிறங்கி வந்தார். கீழே இருந்து திரைக்காரர் ஏறி வந்தார். இருவரும் எனக்கு முன்னால் சந்தித்தார்கள்.

“நீங்கதான் மாடியா?”

“நீங்கதான் கீழயா?”

ஒரே கட்டிடத்தில் வருடக்கணக்காக வேலை பார்த்தவர்கள். எனக்கே கண் கலங்கிவிட்டது.

“நாலு, அறுபத்தொண்ணுன்னு கொடுக்குறீங்களே,” என்றார் சால்வை அம்மா. “எங்க ப்ரொசீஜர் முதல்ல வாங்குறது கதவு எண். அப்புறம்தான் ஆள் கணக்கு. அது நாலாம் எண் கதவுக்கு அறுபத்தொரு பேர்னு எழுதிக்கிச்சு. நாலு பேர் இருக்கிற வீடு எது பதிஞ்சாலும் அந்தக் கதவுக்குத்தான் போகும். கடைசியாப் பதிஞ்சது நிக்கும்.”

“முன்னாடி கதவைத்தான் முதல்ல கொடுத்தோம். அப்புறம்தான் ஆளை முன்னாடி கொண்டுவந்தோம்.”

“ஏன்?”

திரைக்காரர் கழுத்துப் பட்டையைத் தூக்கிக் காட்டினார். மக்களுக்கே முதலிடம்.

“அது கத்தியிருக்கலாமே, மாறி வருதுன்னு?” என்றேன்.

“ரெண்டும் எண்ணும்மா. எண் இருக்க வேண்டிய இடத்தில பேரைக் கொடுத்தாக் கத்தும். எண்ணுக்கு எண்ணைக் கொடுத்தா வாங்கிக்கும்.” பிறகு திரைக்காரரிடம், “இது கதவு, இது ஆள்னு குறிச்சுக் கொடுத்திருக்கலாமே?” என்றார்.

“குறிச்சா எழுத்து அதிகமாகும்னு ஆலோசகர் சொன்னாருங்க.”

“அதான் தெரிஞ்சுபோச்சே, மாத்திடுங்களேன்,” என்றேன் நான்.

கட்டிடத்தை இடிக்கச் சொன்னது போல இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“கதவை முதல்ல போட்டா, மக்களுக்கு ரெண்டாமிடம்னு ஆயிடும்மா. என் வேலை போயிடும்,” என்றார் திரைக்காரர்.

“ப்ரொசீஜரைத் தொட முடியாது,” என்றார் சால்வை அம்மா. “எழுதினவர் ஓய்வு வாங்கிப் போயிட்டார். இன்னும் யார் யாரெல்லாம் அதைக் கூப்பிடுறாங்கன்னு யாருக்கும் தெரியாது. ஓடிக்கிட்டிருக்கிறதைத் தொடக்கூடாது.”

“எங்க ரூம்லயும் அதைத்தான் எழுதி ஒட்டியிருக்கோம்!” என்றார் திரைக்காரர். மாடியும் கீழும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

பெரியவர் தலைமையில் உயர்நிலை ஆலோசனை நடந்தது. எல்லாரும் நின்றார்கள். பாதிக்கப்பட்ட பொதுமக்கள் என்கிற முறையில் நானும் நின்றேன்.

“எங்க வீட்ல வருதே?” என்று பெரியவர் தொடங்கினார்.

விளக்கினார்கள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். எழுப்பிவிட்டு மறுபடி விளக்கினார்கள்.

“அதாவது, கதவு எண்ணும் ஆள் எண்ணிக்கையும் ஒண்ணா இருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல?”

“இல்லைங்க ஐயா.”

பெரியவர் என் பக்கம் திரும்பினார். “அம்மா, உங்க வீட்டில இன்னும் ஐம்பத்தேழு பேரைச் சேர்க்க முடியுமா?”

“மகள் கைக்குழந்தையோட வர்றா ஐயா.”

“நல்ல தொடக்கம். மிச்சம் ஐம்பத்தஞ்சு.”

“முடியாதுங்க ஐயா. ரெண்டே ரூம்.”

பெரியவர் வருத்தப்பட்டார். அலுவலகம் இவ்வளவு தூரம் இறங்கி வந்தும் பொதுமக்கள் ஒத்துழைக்கவில்லையே என்கிற வருத்தம். கொஞ்ச நேரம் மேலும் கீழும் நடந்தார்.

“திரையை மாத்தக்கூடாது. ப்ரொசீஜரைத் தொடக்கூடாது. மக்களைக் கூட்டவும் முடியாது. வேற என்னதான் இருக்கு?”

யாரோ பின்னாலிருந்து, “கதவு இருக்குங்க ஐயா,” என்றார்கள்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

‘பொதுமக்களின் நலன் கருதியும் நிர்வாகச் சீர்மையை முன்னிட்டும், ஒவ்வொரு இல்லத்தின் கதவு எண்ணும் அவ்வில்லத்தில் வசிப்போர் எண்ணிக்கையாகத் திருத்தியமைக்கப்படுகிறது’ என்று ஆணை வந்தது. பெயிண்ட் டப்பாவோடு ஆட்கள் வந்தார்கள். கதவிலும் குழாய்ப் பெட்டியிலும் புது எண்ணை எழுதினார்கள். நாங்கள் நாலு ஆனோம். பக்கத்து வீடும் நாலு. எதிர் வீடு மூணு. பழைய நாலாம் எண் அக்கா இரண்டு ஆனாள். தனியாக இருக்கிற தையல்காரர் ஒன்று ஆகி, தெருவில் முதல் வீடு தன்னுடையதுதான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். எங்கள் பழைய அறுபத்தொன்று தகட்டைப் பால் பாத்திரத்துக்கு மூடியாக வைத்துக்கொண்டேன்.

எல்லாரும் புது எண்ணில் மறுபடி பதிந்தோம். அன்று குழாயில் தண்ணீர் வந்தது. நான் குழாயடியிலேயே உட்கார்ந்து அழுதேன். தபால்காரரும் அழுதார். அவருக்கு வேறு காரணம். “நாலாம் எண் எது?” என்று கேட்டால், “எந்த நாலு?” என்று தெருவே கேட்டது. யார் கையில் கொடுத்தாலும் சரி என்று அவர் முடிவுக்கு வந்த பிறகு எல்லாருக்கும் நிம்மதி. யாரோ தபாலில் வரவழைத்த செருப்பை இப்போது நான்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். அளவும் சரியாக இருக்கிறது.

அலுவலகத்துக்கு விருது கிடைத்தது. கதவு எண்ணும் ஆள் எண்ணிக்கையும் மாறாமல் இருக்கின்றனவா என்று பார்க்க ஓர் எண்ணிக்கை ஆய்வாளரையும் நியமித்தார்கள். வந்தவர் வேறு யாருமில்லை, பழைய வால்வுக்காரர்தான். அதே சைக்கிள். அந்த நீளச் சாவியையும் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். தலை கூடினாலோ குறைந்தாலோ தண்ணீரை மூடிவிட்டுப் போய்விடுவார்.

அப்போதுதான் மகள் குழந்தையோடு வந்து இறங்கினாள். வாசலில் நின்று ஆசையோடு பார்க்கிறேன், என் வாய் தானாக எண்ணுகிறது. ஆறு.

“ஆறுன்னு பதிஞ்சிடலாம் அண்ணி,” என்றான் கொழுந்தன்.

“எப்படிப் பதிவீங்க? ஆள் ஆறு, கதவு நாலுன்னுதானே? அது ஆறாம் எண் வீட்டுக்கு நாலு பேர் தண்ணின்னு போய் உக்காந்துக்கும். தெருவில இருக்கிற ஆறாம் எண் வீடெல்லாம் நம்ம வாசல்ல சண்டைக்கு வந்து நிக்கும்.”

“அப்ப முதல்ல கதவை ஆறுன்னு மாத்திட்டு…”

“பதிஞ்சாத்தான் பெயிண்ட்காரர் வருவாரு.”

அவன் யோசித்தான். யோசித்தபடியே தன் துணியை மடித்துப் பையில் வைத்தான். வீட்டுக்காரரும் தன் பையைத் தேடினார். எதிர் வீட்டுப் பெரிய பையன் வேலைக்கு வெளியூர் போய்விட்டதால் மூணாம் எண்ணில் ஒரு ஆள் குறைந்து, அவர்களே தேடிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் அங்கே போனார். கொழுந்தன் ஓர் அஞ்சாம் எண்ணுக்குப் போனான். முன்பெல்லாம் சர்க்கரை கேட்டு வருவார்கள். இப்போது, “ஒரு ஆள் இருந்தாக் கொடுங்களேன், எண்ணிட்டுப் போனதும் திருப்பி அனுப்பிடுறேன்,” என்று வருகிறார்கள். அனுப்புவதில்லை. ஆய்வாளர் எப்போது வருவார் என்று யாருக்குத் தெரியும்?

“அப்பா எங்கம்மா?” என்றாள் மகள்.

“எதிர் வீட்ல, மூணாம் எண்ல.”

“எதுக்கு?”

“பாப்பா குளிக்க வேணாமா?”

அடுத்த வருடம் பிறந்தது. அலுவலகம் புது வாசகத்துக்கு மாறியது. ‘இல்லத்துக்கே முதலிடம்’. கோப்பைகளையும் பட்டைகளையும் மாற்றினார்கள். நான் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது கொழுந்தன் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றான். உள்ளே வரக் கூடாது என்று அவனுக்குத் தெரியும்.

“அண்ணி, இதைப் பாருங்க! திரையில இப்ப கதவு எண்ணு முதல்ல வருது, ஆள் ரெண்டாவது!”

“அதனால?”

“எல்லாம் சரியாயிடுச்சுன்னு அர்த்தம். பழைய அறுபத்தொண்ணை மாட்டிக்கிட்டு ஆறு பேருன்னு போட்டா, நமக்கே ஆறு பேர் தண்ணி வரும். அண்ணனும் நானும் வீட்டுக்கு வந்துடலாம்.”

“அலுவலகத்துல கேட்டீங்களா?”

“கேட்டேனே. ‘அஞ்சு, அஞ்சு போட்டுப் பாத்தோம், முன்ன மாதிரியே வேலை செய்யுது. எந்த மாத்தமும் தெரியல’ன்னுட்டாங்க.”

நான் குழாயைப் பார்த்தேன். கட்டை விரல் கனத்துக்குத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. எதிர் வீட்டு ஜன்னல் கம்பிக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் முகம் தெரிந்தது. இவன் முதலில் அங்கே போய்த்தான் சொல்லியிருப்பான்.

“அண்ணி, சொல்லுங்க. போய் எழுதிக் கொடுத்துட்டு வரட்டுமா?”

“சும்மா இருங்க தம்பி,” என்றேன். “ஓடிக்கிட்டிருக்கிறதைத் தொடக்கூடாது.”

தெருமுனையில் சைக்கிள் மணி கேட்டது. கொழுந்தன் தன் அஞ்சாம் எண்ணுக்கு ஓடினான். நான், மகன், மகள் மூவரும் வாசலில் வரிசையாக நின்றோம். ஈரம் சொட்டச் சொட்டக் குழந்தையை உயர்த்திப் பிடித்தேன். ஆய்வாளர் அதன் தலையையும் சேர்த்து எண்ணினார்.

“நாலு. சரியா இருக்கு.”

எதிர் வாசலில் என் வீட்டுக்காரர் மூன்றாவதாக நின்றுகொண்டிருந்தார். பேரக் குழந்தை அவரைப் பார்த்துக் கையை நீட்டியது. அவர் திரும்பவில்லை. எண்ணி முடிக்கும் வரைக்கும் நேராகவே நின்றார்.